போனைப் பார்த்துச் சிரித்தான் என்று நான் சொன்னேன்

என் அண்ணன் செத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்து போய் ஃபோர்க்லிஃப்டில் அடிபட்டான் என்று கம்பெனி பேப்பரில் இருக்கிறது. அப்படிச் சொன்ன சாட்சி நான். அடியில் இருக்கிற கையெழுத்தும் என்னுடையது.

அவன் போனைப் பார்த்துக்கொண்டு போகவில்லை. நான் பொய் சொல்லவும் இல்லை. இது இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கே ரொம்ப நாள் விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் விளங்குகிறது. எட்டாவதோடு நின்றவள் நான், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நாங்கள் சோழவரம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், நான். நானும் அண்ணனும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனிக்குத்தான் போனோம். காருக்கு பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பெனி. நான் உள்ளே பேக்கிங். அவன் வெளியே யார்டில் லோடிங். காலையில் கம்பெனி பஸ் வரும், இரண்டு பேரும் ஏறுவோம். அந்த பஸ்ஸில் என் அண்ணன் படம் சொல்லுவான்.

படம் சொல்லுவது என்றால், முழுப் படத்தையும் வாயாலேயே ஓட்டுவது. டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பி நிற்பான். கம்பெனி கேட் வந்தால் இன்டர்வெல். மீதிப் படம் திரும்பி வரும்போது. நடுவில் தூங்கிப்போனவர்களுக்குப் பக்கத்து சீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், அவன் இரண்டாம் தடவை சொல்ல மாட்டான்.

முதலில் எல்லாப் படமும் சொல்லிக்கொண்டிருந்தான். சண்டை, காமெடி, பேய். அப்புறம் ஒரு டைரக்டருடைய படத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் கெட்டுப்போனான் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த டைரக்டர் எடுத்ததே நாலு படம்தான். நாலையும் திரும்பத் திரும்பப் பார்த்தான். பஸ்ஸில் வேறு எந்தப் படத்தைச் சொன்னாலும் அதையும் அவர் எடுத்த மாதிரியே மாற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

"ஒரு பொம்பள சட்ட தோய்க்கிறா. சட்டையில ஒரு பட்டன் இல்ல. பட்டன் இல்லாத எடத்த வெரலால தடவிக்கினே இருக்கா. படம் ஆரம்பிச்சிடுச்சி."

"சட்ட யார்துடா?" என்பாள் என்னோடு பேக்கிங்கில் இருக்கிற அக்கா. பஸ்ஸில் அவள் வாய்தான் பெரிசு.

"அவரு சொல்லமாட்டாரு."

"நீ சொல்லு நைனா. நீதான் பாத்துட்ட இல்ல?"

"நானும் சொல்லமாட்டேன்."

"காலங்காத்தால பேஜாரு பண்ணாதடா. நாஷ்டா கூட துன்னாம வந்துகிறேன்."

அவன் சிரித்துக்கொண்டே மேலே போவான். கொலை நடக்கிற இடம் வரும். "மச்சான் கதவ தொறக்கிறான். உள்ள மாமன் நிக்கிறான், கையில கடப்பாற. இப்ப சத்தம் கட். ஒண்ணுமே கேக்காது. அடுப்புல பால் பொங்கி வழியுது. அத்தோட அந்த சீன் முடிஞ்சிடுச்சி."

"அடிச்சானா இல்லியா?"

"பால் வழிஞ்சிச்சின்னு சொன்னேன் இல்ல?"

"பால் வழிஞ்சா அடுப்ப அணைக்கணும்டா. அத எவன் அணைச்சான்?"

பஸ்ஸே சிரிக்கும். ஆனால் இறங்கி கேட்டுக்குள் போகும்போது அந்த அக்காவே என் காதில் கேட்பாள், "செத்துட்டான் இல்ல? பாவம்டி, புதுசா கல்யாணம் ஆனவன்." அடியைக் காட்டாமலே அவளை அழவைத்துவிட்டான் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த டைரக்டர் எப்படிக் கதை சொல்லுகிறார் என்று அண்ணன் எனக்கு மட்டும் விளக்கிச் சொல்லியிருக்கிறான். "பாப்பா, நடந்தத நடந்த மாதிரி சொன்னா அது நியூஸு. மொதல்ல மிச்சம் இன்னா கெடக்குன்னு காட்டணும். அப்பால, போனவன் கடைசியா சிரிச்சத காட்டணும். நடுவுல இருக்கிற சப்ப மேட்டர் எல்லாத்தையும் வெட்டிடணும். அடி உழற எடத்துல சத்தத்த எடுத்துட்டு வேற எதையாச்சும் காட்டணும். பாக்கிறவன் மண்டைக்குள்ள அவனே அடிச்சிப்பான்."

இது எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு லேட்டாகப் போனேன். ஏன் லேட்டு என்று சூப்பர்வைசர் கேட்டார். "ரோட்டுல ஒரு செருப்பு கெடந்திச்சி சார்" என்று ஆரம்பித்தேன். அவர், "ஏம்மா, பஸ்ஸ உட்டியா இல்லியா, அத சொல்லு" என்றார். பேக்கிங்கே சிரித்தது. அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவன் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, டீ டைமில். யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸில் வந்து அவனை மரப் பேலட் அடுக்கில் வைத்து நசுக்கிவிட்டது. நான் பதினைந்து அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் கம்பெனி சேஃப்டி ஆபீசர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன். தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தார். மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு, "நீ பாத்தத சொல்லும்மா" என்றார்.

நான் சொன்னேன். "ஒரு பேப்பர் கப்பு சார். தரையில கெடந்திச்சி. டீ கொட்டி, ஆவி வந்துகினு இருந்திச்சி."

"சரிம்மா."

"எங்கண்ணன் போன பாத்து சிரிச்சாரு சார். சிரிச்சிக்கினே நடந்து வந்தாரு."

"அப்புறம்?"

"சத்தமே இல்ல சார்."

"நீ பாத்தியா, இடிச்சத?"

"கப்புதான் சார் தெரிஞ்சிது. கப்பு மட்டும்தான்."

அவர் எழுதிக்கொண்டார். படித்தும் காட்டினார். இறந்தவர் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தவாறு நடந்து வந்தார், சாட்சி மோதலை நேரில் பார்க்கவில்லை, அந்த மாதிரி. எனக்கு அப்போது எது சொன்னாலும் தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. பேனாவைக் கையில் கொடுத்தார், போட்டேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து திரும்ப வேலைக்குப் போனேன். எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்முன் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஐந்து நிமிஷம் சேஃப்டி பற்றிப் பேசுவார்கள். எங்கேயாவது நடந்த ஒரு ஆக்சிடெண்டைச் சொல்லி, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று கேட்பார்கள். கடைசியில் கையை நீட்டி உறுதிமொழி. தினமும் நடக்கிறதுதான். நான் பின்வரிசையில் நின்றேன். அன்றைக்குப் பேசியது வேறு லைன் சூப்பர்வைசர், என்னைத் தெரியாதவர்.

அவர் ஒரு பேப்பர் கப்பைக் கையில் எடுத்தார். தரையில் படுக்கவைத்தார். பின்னால் தள்ளி நின்றார்.

"ஒரு கப்பு. தரையில கெடக்குது. டீ இன்னும் ஆவி பறக்குது. குடிக்கிறவன் எங்க?"

எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் முன்னாடி அவன் சிரிக்கிறான். எத பாத்து சிரிக்கிறான்?" பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இத பாத்து."

என் பக்கத்தில் நின்ற புது ஆள் "ச்சே" என்றான். முன்னால் ஒருத்தி தலையில் கை வைத்தாள். ஐயோ பாவி, போனைப் பார்த்துக்கொண்டா போனாய் என்று நானும் நினைத்தேன். உண்மையாக நினைத்தேன். செத்த அந்த ஆள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அவன் என் அண்ணன் என்று அதற்கப்புறம்தான் உறைத்தது.

சூப்பர்வைசர், "கைய நீட்டுங்க" என்றார். எல்லாரும் நீட்டினார்கள். வேலை நேரத்தில் செல்போனைத் தொட மாட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் வாய் சொல்லுவது எனக்கே கேட்டது.

உள்ளே போனதும் பேக்கிங் அக்காவிடம், "அவன் எங்க போன பாத்தான்?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்பைக் கிழித்துக்கொண்டே, "நீ சொன்னதுதானாமேடி" என்றாள்.

"நீயும் அங்கதான நின்ன."

"நான் அந்தாண்ட திரும்பி நின்னேன். என்னிய யாரு கேட்டாங்க? நீ கூடப்பொறந்தவ, நீ சொன்னப்பறம் நான் இன்னா சொல்றது?"

டீ டைமில் சேஃப்டி ஆபீசரிடம் போனேன். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். "நீ சொன்ன மாதிரி இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லம்மா. கேட்டதுலேருந்து யார்டுல ஒருத்தன் போன எடுக்கல. உங்க அண்ணனால நாலு பேரு உயிரு பொழைக்கும்" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

"அவரு போன பாக்கல சார்."

"நீதானம்மா சொன்ன?"

"பாத்தாரு சார். ஆனா அப்ப பாக்கல."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். ஃபைல் திருவள்ளூரில் இருக்கிற கவர்மெண்ட் ஆபீசுக்குப் போய்விட்டது, விசாரணை அவர்கள் கையில், மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அங்கேதான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

அன்றைக்கு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனைப் பார்த்து அவன் சிரித்தது லாக்கர் பக்கத்தில். அது டீ பெல் அடித்தவுடனே. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்ததற்கு அம்மா திட்டி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். அதைக் கேட்டுச் சிரித்தான், போனை உள்பாக்கெட்டில் போட்டான், டீ வாங்க வரிசையில் நின்றான். அதற்கும் அடிபட்டதற்கும் நடுவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒன்றும் இல்லை. வரிசையில் நிற்கிறான், சட்டைக் காலரைச் சொறிகிறான். அதனால் நான் அதை வெட்டிவிட்டேன். வெட்டியது எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கப்பு ஒன்று இல்லை. இரண்டு. ஒரு கையில் அவனுக்கு, ஒரு கையில் எனக்கு. இரண்டு கையிலும் டீ வைத்திருக்கிறவன் போனை எதால் பிடிப்பான்? தரையில் இரண்டு கப்பும்தான் கிடந்தது. ஆனால் என் கண்ணுக்குள் ஒன்றுதான் நின்றது. இரண்டு கப்பு கிடந்தால் அந்த சீன் நன்றாக இருக்காது.

இதை நினைத்தவுடன் என் மேலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் சத்தம் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது ரிவர்ஸ் ஹாரன் தானாக அடிக்க வேண்டும். அடித்திருந்தால் அண்ணன் கவனிக்காமல் நடந்தான் என்று ஆகும். அடிக்கவில்லை என்றால் வண்டியில் கோளாறு. நான் கண்ணை மூடிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. நெசமாகவே ஹாரன் அடிக்கவில்லையா, இல்லை அந்த டைரக்டர் என் தலைக்குள் உட்கார்ந்து சத்தத்தை எடுத்துவிட்டாரா? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அதே அமைதிதான். என் அண்ணன் சாவை நான் பார்த்தேனா, படமாக எடுத்தேனா என்றே தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவன் எப்படிச் செத்தான் என்று அவளுக்கு அதுவரை யாரும் முழுசாகச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "எம்புள்ள பராக்கு பாத்துக்கினு போயி செத்தான்னு எழுதி வெச்சிகிறாங்களா?" என்றாள்.

"நான்தான்மா அப்டி சொல்லிட்டேன்."

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம், "எந்த ஆபீசு, நானும் வரேன்" என்றாள். நீ வராதே என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

செங்குன்றம் போய் அங்கிருந்து திருவள்ளூர் பஸ் பிடித்தோம். ஆபீசர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். ஃபைலைப் புரட்டிவிட்டு, "மொதல்ல ஒண்ணு சொல்லியிருக்கீங்க. இப்ப வேற சொன்னா, ஏன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்லணும்" என்றார். தலையாட்டினேன்.

"சரி, சொல்லும்மா."

"ஒரு கப்பு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"கப்ப விடும்மா. பெல் எப்ப அடிச்சாங்க?"

"பத்து மணிக்கு மேடம்."

"பெல் அடிச்சதும் என்ன பண்ணீங்க?"

"கை கழுவினேன்."

"அப்புறம்?"

ஒவ்வொரு அடியாக என்னை நடத்திக்கொண்டு போனார். நடுவில் இரண்டு தடவை நான் கப்புக்குத் தாவினேன். இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டு வந்து விட்ட இடத்தில் நிறுத்தினார். லாக்கர், வாய்ஸ் மெசேஜ், டீ வரிசை. தன் வாய்ஸ் மெசேஜ் என்றதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் யார்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பேக்கிங் அக்கா என் பக்கத்தில் நிற்கிறாள்.

"அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"பேசிக்கினு இருந்தாங்க மேடம்."

"என்ன பேசினாங்க?"

இதையெல்லாமா கேட்பார்கள் என்று இருந்தது. "அவங்க பொண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்குதாம். யாராண்டயும் சொல்லாதன்னு காதுல சொன்னாங்க."

"காதுலயா?"

"குசுகுசுன்னு. இன்னும் டாக்டராண்ட போகல, மாமியாக்காரிக்குத் தெரியாதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். ரிவர்ஸ் ஹாரன் அடித்தால் யார்டில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அக்கா அந்தாண்டை திரும்பி என் காதோடு பேசுகிறாள், எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது, அவள் தோளுக்கு மேலே எனக்கு ஃபோர்க்லிஃப்டின் பின்பக்கம் தெரிகிறது. அது நகர்கிறது. மாமியாக்காரி என்கிற வார்த்தை கேட்டபோது அது நகர்ந்துகொண்டிருந்தது.

அக்கா பொண்ணுக்கு நாள் தள்ளிப்போனதை எந்த டைரக்டரும் அந்த இடத்தில் வைக்க மாட்டார். அதனால் அது நெசம்.

"ஹாரன் அடிக்கல மேடம்" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த அம்மாவையும் கூப்பிட்டுக் கேப்போம்" என்று சொல்லி எழுதினார். நிறைய நேரம் எழுதினார்.

"இப்ப அடிபட்டத சொல்லணும்மா. உங்க அம்மா வேணா வெளிய இருக்கட்டுமா?"

அம்மா எழுந்திருக்கவில்லை.

சொன்னேன். இரண்டு கையிலும் கப்பு. என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். வண்டி முதுகில் தள்ளியது. தடுமாறித் திரும்பினான். பேலட் அடுக்கில் சாய்ந்தான். வண்டி நிற்கவில்லை. நெஞ்சில் ஏறியது. நான் கண்ணை மூடவில்லை, எல்லாமே பார்த்தேன். நேரில் பார்க்கவில்லை என்று எழுதியிருப்பது தப்பு.

"அவரு எதாவது சொன்னாரா?"

"இல்ல மேடம்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. அந்த டைரக்டர் படத்தில் சாகிறவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மட்டமான படம். இரண்டு மாதமாக என் தலைக்குள் அண்ணன் வாயை மூடிக்கொண்டுதான் செத்துக்கொண்டிருந்தான்.

"யோசிச்சு சொல்லும்மா."

அந்தச் சத்தம் எனக்குள் இருந்திருக்கிறது. அதை நான்தான் எடுத்திருக்கிறேன்.

"கத்துனாரு மேடம். அம்மான்னு கத்துனாரு."

நான் அம்மா பக்கம் திரும்பவில்லை.

"எத்தினி வாட்டி?" என்றாள் அம்மா.

"ஒரு வாட்டிம்மா."

"பெருசாவா?"

"பெருசா."

ஆபீசர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். "எழுதுங்க மேடம்" என்றாள் அம்மா. அவர் எழுதினார். எழுதி முடித்து, முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் சரியா என்று கேட்டார். நான் சரி என்றேன். கடைசிப் பக்கம் வந்தபோது அம்மா, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"அம்மா என்று ஒரு முறை உரக்கக் கத்தினார்."

"ஆமா" என்றாள் அம்மா, அங்கே நின்று கேட்டவள் மாதிரி.

நான் கையெழுத்துப் போட்டேன்.